மூச்சுக்குழல் துளைப்பு: இரத்தக்குழாய்க் காயமும் அதைத் தவிர்க்கும் முறைகளும்

மூச்சுக்குழல் துளைப்பு என்பது கழுத்தின் முன்பக்கத்தில் திறப்பு ஒன்றை உண்டாக்கி, அதன் வழியே மூச்சுக்குழலுக்குள் ஒரு குழாயைச் செலுத்தி மூச்சுக்கு வழி செய்யும் அறுவை ஆகும். மருத்துவமனைகளில் இதை டிரக்கியாஸ்டமி என்பார்கள். நோயாளியின் வீட்டார் 'தொண்டையில் ஓட்டை போட்டிருக்கிறார்கள்' என்பார்கள். மூச்சு முழுவதும் அடைபட்டு, வாய் வழியாகவும் குழாய் செலுத்த முடியாத நெருக்கடியில், சற்று மேலே குரல்வளையிலேயே திறப்பு உண்டாக்குவதுண்டு. அதற்குக் கிரிக்கோதைராய்டோடமி என்று பெயர்.

இரண்டு அறுவைகளிலும் தோலிலிருந்து காற்றுவழி வரை உள்ள ஆழம் சிறியது. ஒல்லியான கழுத்தில் 1 அல்லது 2 செ.மீ. இருந்தாலே அதிகம். ஆனால் அந்தச் சிறிய ஆழத்துக்குள்ளும் அதன் இரு பக்கங்களிலும் கீழேயும் தலைக்கும் கைக்கும் போகும் இரத்தக்குழாய்கள் நெருக்கமாக உள்ளன. இவற்றில் ஒன்று அறுபட்டால் இரத்த இழப்பு ஒரு கேடு. அதைவிட விரைவாக வரும் கேடு இன்னொன்று உண்டு. கசியும் இரத்தம் அப்போதுதான் திறந்த மூச்சுக்குழலுக்குள் இறங்கி உறைந்து அதையே அடைத்துவிடும். கையில் வெட்டு விழுந்தால் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு இரத்தம், இங்கே உயிரை எடுத்துவிடப் போதுமானது.

நெல்வயல் பகுதியில் இந்த அறுவையின் தேவை

திருவாரூர் மாவட்டத்து நீடாமங்கலம் போன்ற ஊர்களில் இந்த அறுவை எட்டாத தூரத்துச் செய்தி அன்று. வரப்பில் நடப்பவர்களைக் கண்ணாடி விரியனும், தரையில் படுத்து உறங்குபவர்களைக் கட்டுவிரியனும் கடிக்கின்றன. கட்டுவிரியன் நஞ்சு மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். கடிபட்டவர் நாள்கணக்கில் வென்டிலேட்டரில் இருக்க நேரும். பூச்சிமருந்து நஞ்சு உடலில் ஏறியவர்களின் நிலையும் இத்தகையது. அவர்களில் சிலர் முதல் நாளைத் தாண்டித் தேறிவிட்டதாகத் தோன்றும் வேளையில், 1 முதல் 4 நாட்களுக்குள் கழுத்துத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்ந்துவிடும். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமற்போவது இதன் முதல் அடையாளம். இந்த இடைநிலை நோய்க்குறித் தொகுப்பை 1987இல் முதலில் விவரித்தவர்கள் இலங்கையைச் சேர்ந்த சேனநாயக்க, கரலியத்த என்ற மருத்துவர்கள். இவை தவிரச் சாலை விபத்தில் தலையில் அடிபட்டோரும், புகையிலைப் பழக்கத்தால் வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் கண்டோரும் உண்டு.

இவர்களுக்கு முதலில் வாய் வழியாகத்தான் குழாய் செலுத்தப்படும். வென்டிலேட்டர் ஒரு வாரம், பத்து நாளைத் தாண்டும் என்று தெரிந்தால் கழுத்து வழிக்கு மாற்றுவார்கள். நீடாமங்கலத்து நோயாளியைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, 2010இல் தொடங்கிய திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ நடக்கும். இரண்டும் ஊரிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவு. ஒன்று மேற்கே, மற்றது கிழக்கே. இந்தத் தொலைவு ஏன் முக்கியம் என்பது கட்டுரையின் கடைசிப் பகுதியில் விளங்கும்.

கழுத்தில் எங்கே எது ஓடுகிறது

மூச்சுக்குழல் 10 முதல் 12 செ.மீ. நீளமுள்ளது. முன்பக்கம் மட்டும் வளைந்து பின்பக்கம் திறந்த 16 முதல் 20 குருத்தெலும்பு வளையங்கள் அதைத் தாங்குகின்றன. கழுத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவினால் முதலில் தட்டுப்படும் மேடு தைராய்டு குருத்தெலும்பு. பேச்சுவழக்கில் சங்கு என்பது இதைத்தான். அதற்குக் கீழே ஒரு சிறு பள்ளம், பிறகு மோதிரம் போன்ற கிரிக்காய்டு குருத்தெலும்பு. மூச்சுக்குழல் தொடங்குவது அதற்குக் கீழேதான். வளையங்களை எண்ணுவதும் அங்கிருந்துதான்.

இந்தப் பாதையின் மீது குறுக்கும் நெடுக்குமாக உள்ளவற்றைத் தோலிலிருந்து உள்நோக்கிப் பார்க்கலாம். தோலுக்கு அடியில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் முன்கழுத்துச் சிரைகள் இறங்குகின்றன. மார்பெலும்புக்குச் சற்று மேலே இவ்விரண்டையும் ஒரு குறுக்குச் சிரை இணைக்கிறது. அதற்கும் ஆழத்தில் 2ஆம் வளையம் முதல் 4ஆம் வளையம் வரை தைராய்டு சுரப்பியின் நடுப்பாலம் குறுக்கே படிந்திருக்கிறது. தைராய்டு இரத்தம் நிறைந்த உறுப்பு. அதன் பாலத்தைக் கட்டாமல் அறுத்தால் இரண்டு முனைகளிலும் கசியும். பாலத்துக்குக் கீழே, மூச்சுக்குழலின் முன்முகத்தின் மீதே, கீழ்த் தைராய்டு சிரைகள் தொங்குகின்றன. 100 பேரில் 3 முதல் 10 பேருக்கு இங்கே கூடுதலாக ஒரு மெல்லிய தமனியும் கீழிருந்து ஏறி வரும் என்கின்றன உடற்கூற்று நூல்கள். அது இருக்கும் என்று எதிர்பார்த்துக் கைவைப்பவருக்கு அது தொல்லை தருவதில்லை.

பெரிய குழாய்கள் பக்கங்களிலும் கீழேயும் உள்ளன. இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவில் மூன்று கிளைகள் பிரிகின்றன. நீடாமங்கலத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைப் படம் போடாமலே சொல்லிவிடலாம். மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகத் தண்ணீர் பிரிவதைப் போன்ற இடம் அது. அங்கே ஷட்டரை இறக்கித் தண்ணீரை நிறுத்தலாம், இங்கே அது முடியாது. இந்த மூன்றில் முதற்கிளைக்குப் பிரேக்கியோசெபாலிக் தமனி என்று பெயர். பழைய பெயர் இன்னாமினேட் தமனி. 'பெயரிடப்படாதது' என்று பொருள். (உடலின் மிகப் பெரிய தமனிகளில் ஒன்றுக்கு இப்படியொரு பெயர் நிலைத்துவிட்டது வேடிக்கைதான்.) இது மூச்சுக்குழலின் முன்முகத்தை இடமிருந்து வலமாகக் குறுக்கே கடந்து, வலக்கைக்கும் தலையின் வலப்பக்கத்துக்கும் இரத்தம் கொண்டுபோகிறது. கடக்கும் இடம் பெரும்பாலும் 9ஆம் வளையத்தை ஒட்டி, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும். சிலருக்கு அதைவிட மேலே, கழுத்துக்குழிக்குள்ளேயே இருக்கும். மூச்சுக்குழலின் இரு பக்கமும் கரோட்டிட் தமனிகளும், அவற்றுக்கு வெளியே உட்கழுத்துச் சிரைகளும் மேலேறி இறங்குகின்றன.

ஆக, நடுக்கோட்டில் சிறிய குழாய்கள், பக்கவாட்டில் பெரியவை, கீழே மிகப் பெரியது ஒன்று. தவிர்ப்பு முறைகள் எல்லாம் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கின்றன.

நடுக்கோட்டில் நிற்பது

அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன் 1909இல் இந்த அறுவைக்கு ஓர் ஒழுங்கான முறையை வகுத்தார். அதற்கு முன் தொண்டை அடைப்பான் நோயில் மூச்சுத் திணறும் குழந்தைகளுக்கு அவசரத்தில் செய்யப்பட்ட இந்த அறுவையில் இறந்தவர் பலர். ஜாக்சன் பெயரில் ஒரு முக்கோணம் இன்றும் கற்பிக்கப்படுகிறது. கழுத்தின் இருபுறமும் காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்புக்கு இறங்கும் தடித்த தசைகளின் உள்விளிம்புகள் இரு பக்கங்கள், கிரிக்காய்டின் கீழ்விளிம்பு மேல்பக்கம், கழுத்துக்குழி கீழ்முனை. இந்தத் தலைகீழ் முக்கோணத்துக்குள் கத்தி நின்றால் கரோட்டிட் தமனிகள் எட்டாது.

முக்கோணத்தைத் தோலில் பார்ப்பது எளிது. ஆழத்தில் காப்பதுதான் கடினம். அறுவை மருத்துவரின் இருபுறமும் நின்று தசையை விலக்கிப் பிடிக்கும் உதவியாளர்களில் ஒருவர் கூடுதலாக இழுத்தால், மூச்சுக்குழலே அந்தப் பக்கம் நகர்ந்துவிடும். நடுக்கோடு என்று நம்பி மருத்துவர் இறங்கும் இடத்தில் அப்போது கரோட்டிட் தமனி வந்து நிற்கும். மூச்சுக்குழல் கழுத்தில் கட்டுண்டு கிடப்பதில்லை, எளிதில் நகரும். ஆகவே ஒவ்வோர் அடுக்கைப் பிரித்ததும் விரல்நுனியால் வளையங்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போவது பழக்கமாக வேண்டும். இருபக்க இழுப்பும் சமமாக இருக்க வேண்டும். தொட்டுப் பார்க்கும் விரலுக்கு இன்னொரு பயனும் உண்டு. வளையம் உறுதியாகத் தட்டுப்படும், தமனி துடிக்கும். ஐயம் இருந்தால் மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சிப் பார்ப்பார்கள். காற்று வந்தால் மூச்சுக்குழல், இரத்தம் வந்தால் கை நிற்க வேண்டும்.

தோல்வெட்டு கிடையாக இருக்கலாமா, நெடுக்காக இருக்கலாமா என்பது பழைய வாதம். கிடைவெட்டின் தழும்பு நன்றாக ஆறும். நெடுக்குவெட்டு இரண்டு முன்கழுத்துச் சிரைகளுக்கும் நடுவே இறங்குவதால் அவற்றைத் தொடாமல் போகும். நேரமும் வெளிச்சமும் உள்ள அறுவை அரங்கில் எதுவும் செய்யலாம். அவசரத்தில் நெடுக்குவெட்டே பாதுகாப்பானது என்பது பரவலான கருத்து; தழும்பைப் பற்றிக் கவலைப்பட நோயாளி பிழைத்திருக்க வேண்டும் அல்லவா.

சிரைகளை அறுத்துவிட்டுக் கட்டுவதைவிட, இருபுறமும் இடுக்கி போட்டுக் கட்டிவிட்டு அறுப்பதே முறை. இதற்கு இரத்தக்கசிவைத் தாண்டி ஒரு காரணம் உண்டு. மூச்சுக்குத் திணறும் நோயாளி வலிந்து மூச்சை உள்ளிழுக்கையில் மார்புக்குள் அழுத்தம் வெகுவாகக் குறையும். அப்போது கழுத்தில் திறந்து கிடக்கும் சிரை இரத்தத்தை வெளியே விடாமல் காற்றை உள்ளே உறிஞ்சும். அந்தக் காற்று இதயத்துக்குப் போய் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். தைராய்டு பாலத்தை மேலே ஒதுக்க முடிந்தால் ஒதுக்கிவிடலாம். முடியாவிட்டால் நடுவில் பிரித்து இரு முனைகளையும் தைத்துக் கட்ட வேண்டும்.

இவையெல்லாம் மூச்சுக்குழலைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். திறந்தபின் இரத்தம் உள்ளே இறங்கும் என்பது ஒன்று. மற்றது, இரத்தக்கசிவை நிறுத்தப் பயன்படும் மின்சூட்டுக் கருவியை அதன்பின் தொடக்கூடாது. குழலிலிருந்து வெளிவரும் ஆக்சிஜனில் அந்தப் பொறி பட்டால் காற்றுவழியிலேயே தீப்பற்றும்.

எந்த வளையத்தில் திறப்பது

மிக மேலே திறந்தால் கிரிக்காய்டு குருத்தெலும்பு கெட்டுக் குரல்வளை சுருங்கிப்போகும். இதை 1921இல் ஜாக்சனே எடுத்துக்காட்டினார். மிகக் கீழே திறந்தால் இன்னாமினேட் தமனி. எனவே 2ஆம், 3ஆம் வளையங்களுக்கு நடுவிலோ 3ஆம், 4ஆம் வளையங்களுக்கு நடுவிலோ திறப்பது வழக்கமாயிற்று. 4ஆம் வளையத்துக்குக் கீழே போவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும்.

எண்ணுவதில் ஒரு பொறி உள்ளது. அறுவைக்கு நோயாளியின் தோளுக்கு அடியில் ஒரு சுருணை வைத்துத் தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். அப்போது மார்புக்குள் இருக்கும் மூச்சுக்குழல் 2, 3 செ.மீ. கழுத்துக்கு ஏறி வரும். அளவாகச் சாய்த்தால் வேலை எளிது. மிகையாகச் சாய்த்தால் மார்புக்குள் இருக்க வேண்டிய வளையங்களும், சிலரில் இன்னாமினேட் தமனியுமே கழுத்துக்கு வந்துவிடும். தோலிலிருந்து அளந்து 'இந்த இடம்தான்' என்று திறந்தால், அது 5ஆம் அல்லது 6ஆம் வளையமாக இருக்கலாம். அறுவை முடிந்து தலை பழைய நிலைக்குத் திரும்பியதும் திறப்பு மார்பெலும்புக்குப் பின்னால் இறங்கித் தமனியின் மேல் போய் உட்காரும். அன்று ஒரு சொட்டு இரத்தமும் வந்திருக்காது. கிரிக்காய்டை விரலால் உறுதிசெய்து அங்கிருந்து கீழ்நோக்கி எண்ணுவதுதான் இதற்கு மருந்து. மார்பெலும்பிலிருந்து மேல்நோக்கி எண்ணக்கூடாது. கத்தி வைக்குமுன் கழுத்துக்குழியில் விரல் வைத்துத் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

குழந்தைகளின் கழுத்து குட்டையானது. தமனியும் இடப்பக்கத்துப் பெருஞ்சிரையும் பெரியவர்களைவிட மேலே இருக்கும். அவர்களுக்கு இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

இரத்தம் உறைகிறதா என்ற கேள்வி

கண்ணாடி விரியன் நஞ்சு இரத்தம் உறையும் தன்மையைக் குலைக்கும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் அது நரம்பையும் தாக்குவதால், மூச்சுக்கும் உதவி தேவைப்பட்டு இரத்தமும் உறையாத நோயாளிகள் இங்கே உண்டு. பெரிய ஆய்வகம் இல்லாத மருத்துவமனையிலும் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிச் சோதனைக்குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். தண்ணீராக வழிந்தால் உறைதல் கெட்டிருக்கிறது. குழாய் பிளாஸ்டிக்காக இருந்தாலோ சோப்புப் போட்டுக் கழுவியிருந்தாலோ முடிவை நம்ப முடியாது.

வென்டிலேட்டர் நோயாளிக்குச் செய்யும் டிரக்கியாஸ்டமி திட்டமிட்ட அறுவை. வாய்வழிக் குழாய் மூச்சைக் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாள் பொறுப்பதால் எதுவும் கெட்டுவிடாது. பிரிட்டனில் 909 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான டிராக்மேன் ஆய்வு, முதல் 4 நாட்களுக்குள் செய்தவர்களுக்கும் 10 நாட்கள் பொறுத்தவர்களுக்கும் 30 நாள் இறப்பில் வேறுபாடு காணவில்லை. நஞ்சுமுறி மருந்து கொடுத்து இரத்தம் உறையத் தொடங்கும் வரையிலோ, இதயநோய்க்காக எடுத்த உறைதடுப்பு மருந்தின் வேகம் இறங்கும் வரையிலோ, தட்டணுக்கள் ஏறும் வரையிலோ காத்திருப்பது தயக்கம் ஆகாது.

அட்ரினலின் கலந்த லிக்னோகைனைத் தோலடியில் செலுத்தினால் சிறு குழாய்கள் சுருங்கி வெட்டும் இடம் தெளிவாகத் தெரியும். சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் குறைந்ததும் சுருங்கிய குழாய்கள் மீண்டும் திறக்கும். வெட்டும்போது கசியவில்லை என்பதற்காகக் கட்டாமல் விட்ட சிரை, இரவில் வார்டில் கசியும். முதல் இரண்டு நாட்களில் வரும் இரத்தக்கசிவில் பெரும்பகுதி இப்படிப்பட்டதுதான்.

ஊசியால் துளைத்து விரிக்கும் முறை

1985இல் சியாக்லியா என்ற அமெரிக்க மருத்துவர், வெட்டாமல் ஊசியால் துளைத்து, கம்பி ஒன்றைச் செலுத்தி, அதன் மேல் விரிப்பான்களை ஏற்றித் துளையைப் பெரிதாக்கும் முறையை வெளியிட்டார். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் படுக்கையருகிலேயே இதைச் செய்கிறார்கள். விரிப்பான் சுற்றுத் திசுவை நெருக்கிப் பிடிப்பதால் சிறு கசிவுகள் குறைவு. ஆனால் குழாய் எதையும் கண்ணால் பார்த்து ஒதுக்க வழியில்லை; ஊசி போகும் வழியில் சிரை இருந்தால் ஊசிக்குத் தெரியாது.

அந்தக் குறையை அல்ட்ராசவுண்ட் பெரிதும் தீர்க்கிறது. கழுத்தில் கருவியை வைத்தால் சிரைகளும், இயல்புக்கு மேலே ஏறியிருக்கும் தமனியும், தைராய்டு பாலமும் திரையில் தெரியும், வளையங்களை எண்ணலாம், தோலிலிருந்து ஆழத்தை அளக்கலாம். உள்ளிருந்து பிராங்கோஸ்கோப் வழியாகப் பார்ப்பவர் ஊசி நடுவில் வருகிறதா, பின்சுவரைக் குத்துகிறதா என்று சொல்வார். ஊசி போகும் வழியில் பெரிய குழாய் தெரிந்தால் இந்த முறையைக் கைவிட்டுத் திறந்த அறுவைக்குப் போவது தோல்வி அன்று.

நிமிடங்கள் மட்டுமே உள்ளபோது

வாய்வழிக் குழாயும் செல்லவில்லை, முகமூடி வழியாகக் காற்றும் போகவில்லை என்றால் டிரக்கியாஸ்டமிக்கு நேரம் இல்லை. அங்கேதான் கிரிக்கோதைராய்டோடமி. தைராய்டு குருத்தெலும்புக்கும் கிரிக்காய்டுக்கும் இடையிலுள்ள சவ்வு ஏறக்குறைய 1 செ.மீ. உயரமே உள்ளது. தோலுக்கு மிக அருகில் இருப்பதும், அதன் மேல் பெரிய குழாய் எதுவும் இல்லாததும் அதன் சிறப்பு. சவ்வின் மேற்பகுதியில் இருபுறத்திலிருந்தும் ஒரு சிறு தமனி வந்து கூடுகிறது. ஆகவே சவ்வின் கீழ்ப்பாதியில், கிரிக்காய்டின் மேல்விளிம்பை ஒட்டி வெட்ட வேண்டும்.

பிரிட்டனின் கடின மூச்சுவழிச் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கத்தி, வழிகாட்டிக் குச்சி, குழாய் என்ற மூன்று பொருள்களை மட்டும் கேட்கிறது. அகில இந்தியக் கடின மூச்சுவழிச் சங்கமும் 2016இல் இந்திய மருத்துவமனைகளுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. கழுத்து பருத்தோ வீங்கியோ இருந்து சவ்வு விரலுக்கு அகப்படவில்லை என்றால், நடுக்கோட்டில் 8 முதல் 10 செ.மீ. நெடுக்காக வெட்டி, விரல்களால் திசுவை விலக்கிக் குரல்வளையைத் தேட வேண்டும் என்கிறது பிரிட்டன் முறை. அப்போது இரத்தம் வரும்; எதுவும் கண்ணுக்குத் தெரியாது. விரல்தான் கண். இதுவரை சொன்னதற்கு மாறாக, இந்த ஓர் இடத்தில் மட்டும் இரத்தத்தை நிறுத்தக் காத்திருக்கக்கூடாது. குழாய் உள்ளே போய்க் காற்றுப்பை ஊதப்பட்டால் இரத்தம் நுரையீரலுக்கு இறங்காது. அதன்பின் சுற்றிலும் அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலான கசிவு அடங்கும். மூச்சு இல்லாமல் போன மூளைக்கு அந்த அவகாசம் கிடையாது.

நாட்கள் கழித்து வரும் இரத்தம்

இந்த அறுவையின் மிகக் கொடிய இரத்தக்குழாய்க் காயம் அறுவை அரங்கில் நிகழ்வதில்லை. குழாயின் நுனியோ, அதைச் சுற்றிய காற்றுப்பையோ, தாழ்வாகப் போட்ட திறப்பில் குழாயின் வளைவோ மூச்சுக்குழலின் முன்சுவரை நாள்கணக்கில் அழுத்தினால் சுவர் நைந்து ஓட்டை விழும். அதற்கு முன்னால் ஒட்டிக் கிடக்கும் இன்னாமினேட் தமனியும் அரிக்கப்படும். 1879ஆம் ஆண்டிலேயே கோர்ட்டே என்ற ஜெர்மானிய மருத்துவர் தொண்டை அடைப்பான் கண்ட ஒரு குழந்தையிடம் இதைக் கண்டு எழுதினார். டிரக்கியாஸ்டமி செய்துகொண்டவர்களில் 100க்கு ஒருவருக்கும் குறைவாகவே இது வரும். வந்தால் பிழைப்பவர் சிலரே. பெரும்பாலும் 1 முதல் 3 வாரங்களுக்குள் நேரும்.

தவிர்ப்பதில் பாதி, 4ஆம் வளையத்துக்குக் கீழே போகாததில் உள்ளது. மறுபாதி செவிலியர் கையில் இருக்கிறது. காற்றுப்பையின் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மூச்சுக்குழலின் உட்சவ்வுக்கு இரத்தம் போகாது. வெளியே தொங்கும் சிறு பலூனை விரலால் அழுத்திப் பார்த்து 'சரியாக இருக்கிறது' என்று சொல்வது பரவலான பழக்கம். அந்த விரல் கணக்கு நம்பத்தக்கதல்ல. கையடக்க அழுத்தமானியால் ஒவ்வொரு பணிமுறைக்கும் ஒருமுறை அளந்து எழுதிவைப்பதே சரி. 1970களில் தாழ்ந்த அழுத்தத்தில் விரியும் பெரிய காற்றுப்பைகள் வந்தபின் இந்தச் சிக்கல் குறைந்தது. பை நல்லது என்பதால் அளவுக்கு மீறி ஊதினால் பழைய சிக்கலே திரும்பும். வென்டிலேட்டர் குழாயின் எடை கழுத்துக் குழாயை இழுக்காதபடி தாங்கி வைப்பதும், நோயாளியைத் திருப்பும்போது முதலில் குழாயைப் பிடித்துக்கொள்வதும் இதே வேலையின் பகுதி. கழுத்தில் கதிர்வீச்சு பெற்ற புற்றுநோயாளிகளின் தமனிச் சுவர் ஏற்கெனவே நலிந்தது. அவர்களிடம் இன்னும் மென்மை வேண்டும்.

தமனி வெடிப்பதற்கு முன் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரு முன்னறிவிப்பு வரும். சில மணி அல்லது சில நாள் முன்னதாகச் சிறிது புத்தம் புதிய சிவப்பு இரத்தம் வந்து தானே நின்றுவிடும். நின்றுவிட்டது என்பதுதான் இதில் ஏமாற்றுவது. 'சக்ஷன் குழாய் உரசியிருக்கும்' என்று துடைத்துவிட்டுப் போவது எளிது. பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அறுவையாகி 3 நாளுக்குப் பின், 10 மில்லிக்கு மேல், அதாவது இரண்டு தேக்கரண்டி அளவு சிவப்பு இரத்தம் வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதைத் தமனியின் இரத்தமாகவே கருத வேண்டும். நாடித்துடிப்போடு சேர்ந்து கழுத்துக் குழாய் ஆடுவதும் எச்சரிக்கைதான்.

பெருக்கெடுத்துவிட்டால் முதல் வேலை காற்றுப்பையை வழக்கத்தைவிட மிகுதியாக ஊதித் தமனியை அழுத்துவது. அடங்காவிட்டால் வாய் வழியாக ஒரு குழாயைக் கீழே இறக்கி மூச்சைக் காத்துக்கொண்டு, கழுத்துத் திறப்பில் விரலை விட்டுத் தமனியை மார்பெலும்பின் பின்முகத்தோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த விரலை எடுக்காமலே நோயாளியை அறுவை அரங்குக்குக் கொண்டுபோய் மார்பைத் திறந்து தமனியைக் கட்டுவார்கள்.

வீட்டுக்குத் திரும்பியபின்

நோயாளி குழாயோடு ஊருக்கு வந்துவிட்டால் மேற்சொன்ன கண்காணிப்பு வீட்டாரிடம் வந்துசேரும். சளியில் நூல் போல இரத்தக்கோடு வருவது பெரும்பாலும் வறட்சியால். பங்குனி, சித்திரை வெயிலில் இது கூடும். திறப்பின் மேல் ஈரத்துணி போட்டு வைப்பதும், மருத்துவமனையில் காட்டிக்கொடுத்த ஆழத்துக்கு மேல் சக்ஷன் குழாயைத் தள்ளாமல் இருப்பதும் போதும். கோடாக அல்லாமல் சிவப்பாகத் திரண்டு வந்தால், நின்றுவிட்டாலும் அன்றே கிளம்ப வேண்டும். குழாயை மட்டும் வீட்டில் கழற்றக்கூடாது. காற்றுப்பை உள்ள குழாய் என்றால் அது ஊதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 வண்டியை அழைத்து, 'கழுத்தில் குழாய் வைத்தவர், குழாய் வழியாக இரத்தம் வருகிறது' என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

எந்த மருத்துவமனை என்பதை இரத்தம் வந்தபின் யோசிக்காமல், வீடு திரும்பும் நாளிலேயே அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டு வைப்பது நல்லது. நீடாமங்கலத்தில் தஞ்சாவூர் நாகப்பட்டினம் நெடுஞ்சாலை ரயில்பாதையைக் கடக்கும் கேட், நெல் ஏற்றும் சரக்கு ரயில்களுக்காகவும் மூடப்படுவது ஊருக்கே தெரியும். ஆம்புலன்சும் அங்கே நிற்கத்தான் வேண்டும். கேட்டுக்கு எந்தப் பக்கம் வீடு என்பதைப் பார்த்து மேற்கா கிழக்கா என்று முன்பே முடிவுசெய்யலாம். வண்டியில் ஏறும்போது கையில் இருக்க வேண்டியவை: மருத்துவமனைச் சீட்டு, கையால் அல்லது காலால் இயக்கும் சக்ஷன் கருவி, கழுத்தில் உள்ள அதே எண் கொண்ட மாற்றுக் குழாய் ஒன்று, அதைவிட ஓர் எண் சிறியது ஒன்று. குழாயின் எண் அதன் கழுத்துப்பட்டைத் தகட்டிலேயே பொறித்திருக்கும். அதைச் சீட்டின் மேல் பெரிதாக எழுதி வைத்துவிடலாம்.